பிளாச்சிமடாவில் ஆலை மூடியது. தண்ணீர் யாருடையது என்பது மட்டும் முடிவாகவில்லை

கேள்வி இது: "பிளாச்சிமடாவில் மக்கள் சேர்ந்து கோகோ கோலாவை விரட்டினார்கள் என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். ஆனால் நட்ட ஈடு வரவில்லை, வழக்கும் சப்பென்று முடிந்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அது வெற்றியா? நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தண்ணீர் கம்பெனி வரப்போகிறது, அதனால் கேட்கிறேன்."

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலை மூடியது உண்மை. 2004 மார்ச் 9-க்குப் பிறகு அங்கே முறையான உற்பத்தி நடக்கவில்லை. நட்ட ஈடு வராததும் உண்மை. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், பதில் இல்லாமலே திரும்பி வந்தது. ஆலையை மூட வைத்தது பெரிய தத்துவத் தீர்ப்பு எதுவும் கிடையாது. ஒரு பஞ்சாயத்தின் லைசென்ஸ் அதிகாரமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக் கடிதமும், வாசலில் பந்தல் போட்டு வருடக்கணக்கில் எழுந்திருக்காத பெண்களும்தான். உங்கள் ஊருக்கு உதவப்போவதும் இந்தப் பகுதிதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் புரியும். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் கொஞ்ச தூரத்தில் பிளாச்சிமடா. பாலக்காடு மாவட்டம், சிற்றூர் தாலுகா (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை), பெருமாட்டி பஞ்சாயத்து. கேரளம் என்றாலே அடைமழை என்று நினைப்போம். இந்தத் தாலுகா மழை மறைவுப் பகுதி. நெல்லும் தென்னையும் நிலக்கடலையும் விளைகிற மண், ஆனால் வானத்தை நம்ப முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வந்து சேர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீரை நம்பித்தான் சிற்றூர் விவசாயம் நடக்கிறது. இரண்டு மாநிலமும் அதற்காக வருடா வருடம் மல்லுக்கட்டுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆலையைச் சுற்றியிருந்த காலனிகளில் எரவாளர், மலசர் என்னும் பழங்குடி மக்கள்; பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. வீட்டில் அவர்கள் பேசுவது தமிழ் கலந்த பேச்சு. எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் இருந்தாலும் நமக்குத் தூரத்து ஊர் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் 34 ஏக்கர் வாங்கி, 2000 ஜனவரியில் பஞ்சாயத்திடம் லைசென்ஸ் பெற்று, மார்ச்சில் உற்பத்தியைத் தொடங்கியது ஹிந்துஸ்தான் கோகோ கோலா கம்பெனி. பஞ்சாயத்து சந்தோஷமாகத்தான் லைசென்ஸ் கொடுத்தது. வேலை வரும், வரி வரும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் கம்பெனியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதும் இதே பஞ்சாயத்துதான்.

சில மாதங்களிலேயே கிணற்றுத் தண்ணீர் மாறிவிட்டது என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சோறு சரியாக வேகவில்லை, பருப்பு வேகவே இல்லை, சோப்பு நுரைக்கவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது, வயிறு கெடுகிறது. நீர் வேதியியல் தெரிந்த யாருக்கும் இந்தப் பட்டியலின் பொருள் புரியும்: கடினத்தன்மை ஏறிவிட்ட தண்ணீர். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகமானால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழத்துப் பாறையோடு அதிக காலம் கிடந்து உப்பைக் கரைத்துக்கொண்ட தண்ணீர்தான் கிணற்றுக்கு வரும். பிறகு நடந்த பரிசோதனைகளும் அந்தத் தண்ணீர் குடிக்க லாயக்கில்லை என்றே சொல்லின. ஆய்வுக்கூடத்துக்கு முன்பே அடுப்பங்கரை கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அடுப்பங்கரை சொன்னதை எந்த அலுவலகமும் கோப்பில் ஏற்றவில்லை.

எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்பதில் கடைசிவரை ஒத்த கருத்து இல்லை. நாளுக்கு 15 லட்சம் லிட்டர், அறுபதுக்கும் மேற்பட்ட போர்வெல் என்றார்கள் போராட்டக்காரர்கள். ஆறு போர்வெல், இரண்டு திறந்த கிணறு, ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் என்றது கம்பெனி. எனக்கு இதில் எந்த எண் சரி என்பதைவிட, வெளியாள் யாரும் சரிபார்க்கிற மாதிரி மீட்டர் கணக்கு ஒன்று ஊர்ப் பொதுவில் இல்லாமல் போனதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. அளவு நிரூபிக்க முடியாததாக இருந்தால், நீதிமன்றத்தில் அது தண்ணீரை எடுத்தவருக்குத்தான் சாதகம்.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. ஆதிவாசித் தலைவர் சி.கே. ஜானு தொடங்கி வைத்தார். சாலையோரப் பந்தலில் தினமும் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள். அவர்களில் மயிலம்மா என்னும் எரவாளர் பெண்ணின் பெயர்தான் வெளியே தெரிந்தது. பெரிய படிப்போ கட்சிப் பின்னணியோ இல்லாதவர். 2007-இல் அவர் இறந்தபோது ஆலை மூடியிருந்தது, அவருடைய காலனிக் கிணறு குணமாகியிருக்கவில்லை. முதல் ஒரு வருடம் பெரிய கட்சிகள் எதுவும் பந்தல் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில நூறு பேருக்கு வேலை தந்த ஆலை. தொழிற்சங்கங்கள் ஆலையின் பக்கம்தான் நின்றன. அதைத் துரோகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உள்ளே வேலை பார்த்தவரும் அதே மாவட்டத்துக்காரர்தான் என்பதை மறந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

2003-இல் காற்று மாறியது. ஏப்ரலில் பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. அப்போது தலைவர் ஏ. கிருஷ்ணன். ஜூலையில் பிபிசி வானொலி ஒரு செய்தியை வெளியிட்டது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லிச் சுற்றுவட்டார விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதை எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தபோது காரீயம், காட்மியம் என்னும் நச்சு உலோகங்கள் இருந்தன. கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சோதித்து, காட்மியம் இருப்பதை ஒப்புக்கொண்டு, சேற்றை வெளியே கொடுக்கத் தடை விதித்தது. அடுத்த மாதமே குளிர்பானப் புட்டிகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் அறிவித்தது. அது வேறு விவகாரம்தான். ஆனால் பிளாச்சிமடா என்ற பெயரை இந்தியா முழுவதும் கேட்க வைத்ததில் அதற்கும் பங்குண்டு.

இந்தச் சேறு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கட்டுரைகள் தண்ணீரை மட்டும் பேசிவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தண்ணீர் குறைந்ததற்கு வறட்சியைக் காரணம் காட்டலாம், காட்டவும் செய்தார்கள். காட்மியத்துக்கு வானத்தைக் காரணம் காட்ட முடியாது. பிற்பாடு சட்டரீதியாக ஆலையை எழுந்திருக்க விடாமல் அமுக்கிப் பிடித்ததும் இந்தக் காட்மியம்தான்.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். பஞ்சாயத்து லைசென்ஸை மறுத்ததும் கம்பெனி வழக்குப் போட்டது. 2003 டிசம்பர் 16 அன்று கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் ஒரு தீர்ப்பு சொன்னார். நிலத்தடி நீர் பொதுச் சொத்து. அரசு அதற்குக் காவலன் மட்டுமே. தனியார் ஒருவர் அளவில்லாமல் உறிஞ்ச விடும் உரிமை அரசுக்கே கிடையாது. 34 ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சாதாரண விவசாயி பாசனத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவுதான் கம்பெனியும் எடுக்கலாம். மீதித் தேவைக்கு ஒரு மாதத்துக்குள் வேறு வழி பார்க்க வேண்டும். ஆலையையே மூடச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். கொண்டாடுகிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அந்த 34 ஏக்கர் அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. கம்பெனியைப் பக்கத்து நிலத்துக்காரராக மட்டும் நடத்துகிறது. அவருக்கு உள்ளது இவருக்கும் உண்டு, அதற்கு மேல் கிடையாது.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது ஒரு பழைய சட்டம். வெள்ளைக்காரர் காலத்து 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். நிலத்தின் சொந்தக்காரர், தன் எல்லைக்குள் அடியில் கிடக்கும் தண்ணீரை, அது குறிப்பிட்ட கால்வாயாக ஓடாதவரை, எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. கையால் கிணறு வெட்டி ஏற்றம் இறைத்த நாளில் இதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஒருவர் நாள் முழுக்க இறைத்தாலும் பக்கத்துக் கிணறு வற்றாது. நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகும் அதே சட்டம் இருப்பதுதான் சிக்கல். தண்ணீருக்கு வேலி தெரியாது. 34 ஏக்கருக்குள் போர்வெல் போட்டால் 34 ஏக்கருக்கு அடியில் இருப்பது மட்டும் வருவதில்லை.

மேல்முறையீட்டில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2005 ஏப்ரல் 7 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தன் இடத்துத் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு, சட்டம் போட்டுத் தடுக்காதவரை அதைப் பறிக்க முடியாது என்றது. கோழிக்கோட்டு நீர்வள ஆய்வு மையத்தின் அறிக்கையை வைத்து, மழை வழக்கம்போல் பெய்தால் நாளுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. 2002, 2003-இல் மழை குறைவாகப் பெய்தது, ஊர்க் கிணறு வற்ற அதுவும் காரணம் என்ற கம்பெனி வாதத்தை இந்த அமர்வு கணக்கில் எடுத்துக்கொண்டது. நியாயமாகச் சொன்னால் அந்த வாதத்தில் உண்மை உண்டு. மழை குறைவுதான். ஆனால் மழை குறைந்த வருடத்தில் முதலில் நிறுத்த வேண்டியவர் யார்? குடத்தோடு நிற்பவரா, லாரி லாரியாகப் புட்டி அனுப்புகிறவரா? இந்த வரிசையை முடிவு செய்ய நம்மிடம் அன்று தெளிவான சட்டம் இல்லை. கேரளத்தின் நிலத்தடி நீர்ச் சட்டம் 2002-இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 2003 டிசம்பரில்தான்.

அப்படியானால் கம்பெனி ஜெயித்துவிட்டதே, ஆலை ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் லைசென்ஸ், அனுமதிக் கடிதம் என்று நான் முதலில் சொன்ன சாதாரணக் கருவிகள் வருகின்றன. 2004 பிப்ரவரியில் வறட்சியைக் காரணம் காட்டி மாநில அரசு நிலத்தடி நீர் எடுக்கத் தற்காலிகத் தடை போட்டது. அதில்தான் மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005-இல் அமர்வு லைசென்ஸ் கொடுக்கச் சொன்னதும், பஞ்சாயத்து மூன்றே மாதத்துக்கு, ஏகப்பட்ட நிபந்தனைகளோடு கொடுத்தது. உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்தது. ஆகஸ்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கழிவில் காட்மியம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கச் சொல்லி, திருப்தியான பதில் இல்லை என்று இயங்க அனுமதி மறுத்தது. அதே வருடம் சிற்றூர் வட்டாரம் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று பூட்டியிருந்தது. பூட்டியவர்கள் எல்லோரும் மனமுவந்து பூட்டவில்லை. பந்தல் அங்கேயே இருந்ததால் திறக்கப் பயந்தார்கள். அரசியலில் அதுவும் ஒரு காரணம்தான், குறைவாக மதிப்பிட வேண்டாம்.

2017 ஜூலையில் கம்பெனி உச்ச நீதிமன்றத்தில், பிளாச்சிமடாவில் மறுபடி உற்பத்தி தொடங்கும் எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டது. வழக்கு அதோடு முடிந்தது. பத்திரிகைகள் மக்கள் வெற்றி என்று எழுதின. ஊர்க்காரர்களுக்கு வெற்றிதான். ஆனால் ஒற்றை நீதிபதி சொன்னது சரியா, அமர்வு சொன்னது சரியா என்று உச்ச நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அதோடு போய்விட்டது. கம்பெனி வழக்கறிஞர்கள் சாமர்த்தியசாலிகள் என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே செத்துப்போன ஓர் ஆலையை விட்டுக்கொடுத்ததால், நாடு முழுவதும் உள்ள மற்ற ஆலைகளைத் தொடக்கூடிய ஒரு தீர்ப்பு வராமல் போயிற்று.

நட்ட ஈட்டுக் கதை இதைவிட மோசம். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயக்குமார் தலைமையில், 2010 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. மொத்தச் சேதம் 216.26 கோடி ரூபாய். விவசாய இழப்பு 84.16 கோடி, நீர்வளம் கெட்டதற்கு 62.10 கோடி, உடல்நலக் கேட்டுக்கு 30 கோடி, குடிநீர் கொண்டுவரும் செலவு 20 கோடி, கூலி இழப்பு முதலானவற்றுக்கு 20 கோடி. இதை வசூலித்துக் கொடுக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரி 24 அன்று சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் கேரளத்தில் ஒன்றுக்குக் கை தூக்குவது அபூர்வம். குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போனது. விளக்கம் கேட்டார்கள், பதில் போனது, மறுபடி விளக்கம் கேட்டார்கள். ஏறத்தாழ ஐந்து வருடம் கழித்து ஒப்புதல் இல்லாமல் திரும்பியது.

டெல்லி சொன்ன முக்கியக் காரணம்: இதற்கெல்லாம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போகலாமே. கேட்க நியாயமாக இருக்கும். சட்டத்தைத் திறந்து பாருங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் நட்ட ஈடு கேட்க, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான் அவகாசம். அதற்கு மேல் அறுபது நாள் சலுகை. பிளாச்சிமடாவில் பாதிப்பு 2000-இல் தொடங்கியது, ஆலை 2004-இல் நின்றது. பசுமைத் தீர்ப்பாயம் பிறந்ததே 2010 அக்டோபரில். கதவு கட்டப்படும் முன்பே நேரம் முடிந்துவிட்டது. அந்த மக்களை அங்கே போகச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆலைக் கட்டிடம் கொரோனா காலத்தில், 2021-இல், சிகிச்சை மையமாகப் பயன்பட்டது. 2023-இல் நிலத்தையும் கட்டிடத்தையும் அரசுக்கே ஒப்படைக்கக் கம்பெனி சம்மதித்தது. நிலம் அரசுக்குப் போகிறது. 216 கோடியில் ஒரு ரூபாய்கூடக் காலனிக்குப் போகவில்லை.

வேறு இடங்களில் என்ன ஆயிற்று என்றும் பார்க்கலாம். வாரணாசிக்குப் பக்கத்தில் மெஹதிகஞ்ச் ஆலையை 2014-இல் உத்தரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடச் சொன்னது. ராஜஸ்தானில் காலாடேரா ஆலை 2016-இல் நின்றது. இரண்டு ஊரிலும் விவசாயிகளின் நீண்ட போராட்டம் இருந்தது. நம் பக்கம் தாமிரபரணி. கங்கைகொண்டானில் உள்ள கோக், பெப்சி ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுக்க 2016 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று அறிவித்ததும் அதே மார்ச்தான். இப்போது எந்தக் கடையில் அந்தப் புறக்கணிப்பு மிச்சமிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வாங்காமல் இருப்பது வேகமாகப் பரவும், வேகமாக மறந்தும் போகும். உத்தரவு அப்படியில்லை, யாராவது மெனக்கெட்டு ரத்து செய்தால்தான் போகும்.

இப்போது உங்கள் ஊர் விஷயம். தமிழ்நாட்டில் முழு மாநிலத்துக்கும் 2003-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டு, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-இல் நீக்கிவிட்டார்கள். சென்னைப் பகுதிக்கு மட்டும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் 2014-இல் வந்த அரசாணைதான் பிடிமானம். குறுவட்டம் (பிர்கா) வாரியாக நிலத்தடி நீர் நிலையை வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வணிகத்துக்கு நீர் எடுக்கிறவர் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஆணை செல்லும் என்றது. ஆகவே முதல் வேலை, உங்கள் பிர்கா எந்த வகையில் இருக்கிறது என்று பார்ப்பது. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது என்று இருந்தால் உங்கள் வாதம் பாதி முடிந்தது.

இரண்டாவது, கம்பெனி வருவதற்கு முன்பே ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து வையுங்கள். ஆழம், உப்பு, கடினத்தன்மை, தேதி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். பிளாச்சிமடாவில் 1999-இன் கிணற்று நிலவரம் இப்படி எழுத்தில் இருந்திருந்தால், வறட்சியா ஆலையா என்ற வாதம் இவ்வளவு இழுத்திருக்காது.

மூன்றாவது, கிராம சபைத் தீர்மானம். வெறும் எதிர்ப்பாக எழுதாமல், எந்தக் கிணறு, எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் பாசனம் என்று எழுத வேண்டும். பஞ்சாயத்து அதிகாரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பெருமாட்டி பயன்படுத்திய அந்த லைசென்ஸ் அதிகாரத்தைக் கேரளமே 2018-இல் தொழில் தொடங்குவதை எளிதாக்கும் சட்டத்தால் கணிசமாகக் குறைத்துவிட்டது; இங்கேயும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. 2025 ஜனவரியில் அதே பாலக்காடு மாவட்டத்தில் எலப்புள்ளியில் மது ஆலைக்கு மாநில அமைச்சரவை முதல்கட்ட அனுமதி கொடுத்தபோது, அந்தப் பஞ்சாயத்தே எதிர்த்து நின்றது. எங்கள் தண்ணீர் என்னாகும் என்று அங்கே கேட்டவர்கள் பிளாச்சிமடாவின் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள்.

கடைசியாக, பாதிப்பு தெரிந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் ஐந்து வருடக் கணக்கு அன்றிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். பேச்சுவார்த்தை நடக்கிறது, கலெக்டர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்று காத்திருப்பது அந்தக் கணக்கை நிறுத்தாது. பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், மனுவை எழுதி வைத்துவிடுங்கள்.